இரண்டாவது முறை பார்த்தபோது

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 28. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். தை மாதம் கல்யாணம். கல்லூரி நண்பர்கள் 11 பேர் டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கிரிக்கெட், சம்பளம் என்று பேச்சு ஓடும். நடுநடுவே 'அந்த மாதிரி' வீடியோக்களும் வரும். போன மாதம் வந்த ஒன்றில் இருந்த பெண், கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். விடுதி அறை போலத் தெரிந்தது. முதலில் முகம் சரியாகத் தெரியவில்லை, தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அன்று இரவு மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

நான் அதை எடுக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. 19 வயதிலிருந்து இப்படிப்பட்டவற்றைப் பார்த்து வருகிறேன். நடிப்பவர்களை வைத்து எடுப்பவை செயற்கையாக இருக்கும் என்பதால் 'ஒரிஜினல்' என்று வருபவற்றைத்தான் அதிகம் பார்ப்பேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? சட்டப்படி எனக்குச் சிக்கல் வருமா? இனிமேல் வெளிநாட்டுத் தளங்களை மட்டும் பார்த்தால் தவறில்லையா? அங்கே சம்மதித்து, காசு வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்கள்? கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதைச் சொல்லலாமா? அந்த ஜூனியருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பலாமா என்றுகூடத் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இத்தனை கேள்விகள் இருந்தாலும் என்னை நிறுத்தியது கேள்விக்குறி இல்லாத ஒரு வரிதான்: 'அன்று இரவு மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.' இதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு பத்தியில் முடித்திருக்கக்கூடிய பதில் இவ்வளவு நீள்கிறது. சில இடங்களில் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆதாரத்துக்கு என்றாலும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கே என்றாலும் வேண்டாம். குழுவில் அதைப் போட்டவர் யார், கணக்குப் பெயர் என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி, வேறொரு சேனலிலிருந்து வந்தது என்றால் அதன் பெயரும் இணைப்பும் என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதற்கு முன் குழுவைவிட்டு வெளியேறாதீர்கள். வெளியேறினால் விவரங்களும் கையைவிட்டுப் போய்விடும். போட்ட நண்பரிடம் இப்போதே சண்டைக்கும் போகாதீர்கள். அவர் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், நாளை அந்தப் பெண் புகார் கொடுக்க நினைக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. குறித்துக்கொண்ட பிறகு டெலிகிராமில் இருக்கும் புகார் வசதி மூலம் அந்தச் சேனலைப் பற்றித் தெரிவியுங்கள்.

அடுத்தது வயது. விடுதி அறை என்கிறீர்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடித்து 17 வயதிலேயே முதலாமாண்டு சேர்கிற பெண்கள் ஏராளம். வீடியோ எடுக்கப்பட்டபோது அவருக்கு 18 நிரம்பியிருக்கவில்லை என்றால் இது போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. குழந்தைகளை வைத்து எடுத்ததை இறக்கிவைத்துத் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்படிப்பட்டதை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருந்தாலே சட்டம் பாயும். இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பதும் போக்சோவில் தண்டனைக்குரியது. ஆகவே இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அவர் வயது வந்தவராக இருந்திருந்தால், தனியாகப் பார்த்ததற்காக மட்டும் நம் நாட்டுச் சட்டம் உங்களைப் பிடிக்காது. பிடிக்கப்போவது அனுப்பியவரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 11 பேர் கொண்ட குழுவில் போட்டாலும் அது அனுப்பியதுதான். 'அவளே எடுக்கச் சம்மதித்தாளாம்' என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் இதற்கு விளக்கமே இருக்கிறது: எடுப்பதற்குச் சம்மதித்த பெண் பரப்புவதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தென்கொரியாவில் இருந்திருந்தால் வந்திருக்காது. அங்கே டெலிகிராம் அறைகளில் பெண்களையும் சிறுமிகளையும் மிரட்டி எடுத்த வீடியோக்களை விற்ற கும்பல் ஒன்று 2020இல் சிக்கியது. அதன் தலைவன் சோ ஜு-பின்னுக்கு முதலில் விதித்த தண்டனை 40 ஆண்டு. மக்கள் கொதித்தது அவன்மீது மட்டும் இல்லை, காசு கட்டி உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள்மீதும்தான். அந்த ஆண்டு மே மாதமே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டவிரோதமாக எடுத்த பாலியல் வீடியோவை வைத்திருந்தாலும் பார்த்தாலும் 3 ஆண்டு வரை சிறை. நம்மிடம் அந்தச் சட்டம் இல்லை. உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே இருக்கிற கணக்கு அதனால் தீர்ந்துவிடாது.

'எடுக்கவில்லை, அனுப்பவில்லை' என்கிறீர்கள். இப்படிப்பட்ட வீடியோக்களில் சிக்கிய பெண்கள் சிலர் பல ஆண்டுகளாக என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எடுத்தவனுக்கு என்றுதான் நானும் ஆரம்பத்தில் எண்ணியிருந்தேன். எடுத்தவனை அவர்களுக்குத் தெரியும். அவன்மீது கோபம் உண்டு, வெறுப்பு உண்டு, சிலருக்கு இன்னும் பாசம்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயம் என்பது வேறு யார்மீதோ. ஒரு பெண் டவுன் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். பஸ்ஸில் எந்த ஆண் செல்போனைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாலும் அவருக்கு வயிற்றைப் பிசையும். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் ஒரு நொடி அதிகமாகப் பார்த்துவிட்டார் என்று வீடு மாறியவர் உண்டு. நன்றாகப் படித்து வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவர், கவுன்டரில் நாள் முழுக்க ஊர் பார்க்க உட்கார வேண்டுமே என்று வேலையில் சேரவே இல்லை. பார்த்தவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லா ஆண்களும் பார்த்தவர்களாகிவிடுகிறார்கள். அவர்களிடம் நான், 'அப்படியெல்லாம் இல்லை அம்மா, எல்லோரும் பார்த்திருக்க மாட்டார்கள்' என்று தைரியம் சொல்லி வருகிறேன். தம்பி, அந்த பஸ்ஸில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள்.

மற்றக் குற்றங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசத்தைப் பார்க்கிறேன். சங்கிலியைப் பறித்தவன் ஓடிவிடுகிறான். அந்தச் சம்பவத்துக்கு ஒரு தேதி உண்டு, அதிலிருந்து நாள் எண்ணி ஆறலாம். இதற்கு நாள் எண்ண முடிவதில்லை. ஐந்து ஆண்டு கழித்துக் கணவன் வீட்டு உறவினர் ஒருவரின் போனில் வந்து நிற்கும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் ஒரு பெண் வழக்கறிஞர். முன்பு பழகியவன் எடுத்த வீடியோக்கள் பல தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அகற்றினார்கள். சில நாட்களில் வேறு தளங்களில் அவை மீண்டும் முளைத்திருந்தன. சட்டம் படித்த, நீதிமன்றத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவருக்கே இந்தப் பாடு என்றால் உங்கள் ஜூனியரை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நீங்கள் அதிகம் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன். 'ஒரிஜினல்.' உங்கள் குழுவில் இந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? நடிப்பு இல்லாதது என்று சொல்வீர்கள். நடிக்கிறவளுக்குக் கேமரா இருப்பது தெரியும், பார்க்க ஆள் இருப்பது தெரியும். 'ஒரிஜினல்' பெண்ணுக்குத் தெரியாது. அல்லது கேமரா தெரியும், நீங்கள் தெரியாது. அந்தத் தெரியாமைதான் சரக்கு. அவள் ஒருவனை நம்பிக் காட்டியதை நம்பிக்கைக்கு வெளியே நின்று பார்ப்பதில்தான் அந்தக் கிளர்ச்சியே இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக இதை நீங்கள் உணராமல் இருந்ததற்குக் காரணம், அவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. ஒருநாள் ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டது. உங்களை அண்ணா என்று கூப்பிட்டவள். முதல் முறை நிறுத்தியது அந்த அண்ணன். இரவு மறுபடியும் திறந்தது யார்? அவளைத் தெரியும் என்பதாலேயே அது இன்னும் 'ஒரிஜினலாக' ஆகியிருந்தது என்பது என் ஊகம். என் ஊகம் தவறாக இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். சரியென்றால் உங்கள் தூக்கம் கெட்டதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது, காமத்தில் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் தொலைக்காட்சியில் வந்து இளைஞர்களைப் பயமுறுத்தி மருந்து விற்கும் வைத்தியர்களின் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். 28 வயதில் உடலுக்கு ஆசை இருப்பது நோயே இல்லை.

பொள்ளாச்சி வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். வீடியோ எடுத்து மிரட்டியே பெண்களைச் சீரழித்த 9 பேருக்கு 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. எனக்கு அதைவிட அழியாமல் நிற்பது 2019 மார்ச் மாதம். ஒரு பெண் கதறுகிற வீடியோவை நம் மக்கள் 'அடப்பாவிகளா' என்று எழுதி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கே நான்கு பேரிடமிருந்து வந்தது, அதில் இருவர் பெண்கள். கண்டனம் சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணைத் தெருத்தெருவாக அழைத்துப்போனோம்.

சரி, வெளிநாட்டுத் தளங்கள். 'சம்மதித்து, காசு வாங்கிக்கொண்டு.' சம்மதித்தே அந்தத் தொழிலில் இருக்கிற வயது வந்தவர்கள் உண்டு. இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற உங்களால் அதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் 'கேர்ள்ஸ் டூ போர்ன்' என்று ஒரு தளம் ஏறத்தாழ பத்தாண்டு நடந்தது. மாடலிங் வேலை என்று விளம்பரம் கொடுப்பார்கள். கல்லூரி வயதுப் பெண்கள் விண்ணப்பிப்பார்கள். பிறகுதான் விஷயம் வேறு என்று தெரியவரும். தயங்கினால், 'இணையத்தில் வராது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டிவிடியாக மட்டும் விற்போம், உன் ஊரில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை' என்று சொல்வார்கள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை என்றால் இன்னொரு பெண்ணோடு போனில் பேசவைப்பார்கள். 'நானும் செய்தேன், எங்கேயும் வரவில்லை' என்று அவள் சொல்வாள்; அப்படிச் சொல்வதற்காகவே அவளுக்குக் கூலி. ஓட்டல் அறைக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தைப் படிக்க நேரம் தராமல் கையெழுத்து வாங்குவார்கள். சில வாரங்களில் வீடியோ இணையம் முழுக்க இருக்கும். பெயரும் வெளியே வரும். அப்பா அம்மாவுக்கும் கல்லூரிக்கும் வேலை செய்கிற இடத்துக்கும் இணைப்புகள் போகும்.

22 பெண்கள் 2016இல் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. தளத்தை நடத்திய மைக்கேல் பிராட் அதற்குள் நாட்டைவிட்டே ஓடியிருந்தான். எஃப்.பி.ஐ.யின் மிக முக்கியத் தேடப்படுவோர் பத்துப் பேர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது, 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டான், 2025 செப்டம்பரில் 27 ஆண்டு சிறை. அந்த வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்த உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றை நடத்தும் நிறுவனம், இந்தக் கும்பலிடமிருந்து பணம் பெற்றதை 2023 டிசம்பரில் அமெரிக்க அரசுத் தரப்புடன் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களுக்குக் கடைசியில் நீதிமன்றம் கொடுத்தது என்ன தெரியுமா? அந்த வீடியோக்களின் உரிமையை. இனி யாராவது போட்டால், என் பொருளைத் திருடிவிட்டாய் என்று சொல்லி நீக்கச் சொல்லலாம். என் உடம்பு என்று சொன்னபோது அசையாத இடங்கள் என் சொத்து என்று சொன்னால் அசைகின்றன. இது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

அந்த வீடியோக்களைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களும் உங்களைப் போலவே, 'காசு வாங்கிக்கொண்டு சம்மதித்துத்தானே' என்று நினைத்தவர்கள்தான். 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் பணம் வாங்கித்தர மறுத்த பிறகு, போர்ன்ஹப் தளம் யார் ஏற்றினார்கள் என்று சரிபார்க்கப்படாத வீடியோக்களை மொத்தமாக நீக்கியது. இருந்தவற்றில் பெரும்பகுதி போயிற்று. அத்தனை நாளும் எதில் யார் சம்மதித்தார்கள் என்பது கடைக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கடை மாறினால் சரியாகிவிடாது.

அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? வேண்டும். நீங்களே நேராகச் சொல்ல வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பழைய சீனியரிடமிருந்து அப்படியொரு செய்தி வந்தால் அவருக்கு என்ன தோன்றும்? மிரட்டப்போகிறார் என்றுதான் தோன்றும். அவருக்கு நெருக்கமான, வாயைக் காக்கக்கூடிய ஒரு தோழி இருப்பார், அவரிடம் சொல்லுங்கள். அவர் மூலம் போகட்டும். அந்த ஜூனியருக்கு இப்போது கல்யாணமாகியிருக்கலாம், போனை வேறு யாராவது எடுத்துப் பார்க்கலாம். அதனால் எழுத்தில் எதுவும் வேண்டாம், பேச்சிலேயே இருக்கட்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இப்படியொன்று சுற்றுகிறது, இன்ன இடத்தில் வந்தது, விவரம் குறித்து வைத்திருக்கிறேன், புகார் கொடுப்பதாக இருந்தால் சாட்சி சொல்ல வருகிறேன். கடைசியில் சொன்னதை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். சாட்சி சொன்னால் உங்கள் பெயரும் வெளியே வரும். என்ன பார்த்தீர்கள், எத்தனை முறை பார்த்தீர்கள் என்பதையெல்லாம் அவரிடம் கொட்டாதீர்கள். அழுது மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர் தலையில் இருக்கிற பாரம் போதும்; உங்களைத் தேற்றுகிற வேலையையும் அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தோழிக்கு இரண்டு தகவல்களைச் சொல்லியனுப்புங்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு இலவச வசதி 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பிரிட்டனில் இயங்கும் உதவி அமைப்பு ஒன்று நடத்துகிறது. வயது வந்தவர்களுக்கானது. படமோ வீடியோவோ அந்தப் பெண்ணுடைய போனைவிட்டு வெளியே போகாது. போனிலேயே அதற்கு ஒரு ரேகை மாதிரி எண் குறியீடு உருவாகும், அந்தக் குறியீடு மட்டும் இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும், அதே கோப்பு அங்கே ஏறினால் அவர்களால் தடுக்க முடியும். சேராத தளங்களில் பலிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எடுக்கப்பட்டபோது 18க்குக் கீழே என்றால் அதற்கு 'டேக் இட் டவுன்' என்று தனி வசதி இருக்கிறது. இரண்டாவது, மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இப்படிப்பட்டதைப் பற்றி உரியவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளே நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. காவல் நிலையத்துக்குப் போவதென்றால், நான் மேலே சொன்ன பெண் வழக்கறிஞரின் வழக்கில் அவர் பெயரைப் பதிவுகளிலிருந்து மறைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இவரும் அதைக் கேட்டு வாங்கலாம். புகார் கொடுக்க அவர் விரும்பவில்லை என்றால், அவர் வயது வந்தவராக இருந்த வரையில், அதோடு விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு நண்பர்களிடம் பேசுங்கள். நீதி போதனை தேவையில்லை. 'அது நம் ஜூனியர். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் இனி இங்கே இல்லை' என்று எழுதிவிட்டு வெளியே வாருங்கள். கேலி செய்வார்கள். பத்துப் பேரில் ஒருவராவது தனியாக அழைத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்கிறேன். எனக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தால், குழுவில் வாய்விட்டுச் சிரிப்பவர்களில் சிலருக்கும் உங்களைப் போலவே தூக்கம் இல்லை.

பழக்கத்தை விட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதினோராம் பதிப்பில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்று ஒரு கோளாறு இருக்கிறது. வேலையும் உறவும் கெட்ட பிறகும், பலமுறை முயன்றும், நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல எனக்கு முகாந்திரம் இல்லை. ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு மருத்துவ உளவியலாளரை நேரில் பாருங்கள். எடுத்த எடுப்பில் நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லலாமா என்றால், இன்றைக்கு வேண்டாம். இன்று சொன்னால் அது உங்கள் பாரத்தை அவர்மீது இறக்கிவைப்பதாக இருக்கும். முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தைக்கு முன்பே சொல்லுங்கள். சாட்சியாகப் போக நேர்ந்தால் அவருக்கு எப்படியும் தெரிந்தாக வேண்டும். அந்த ஜூனியரின் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள். கேட்டாலும் சொல்லாதீர்கள்.

பத்திரிகைக்கு வருகிறேன். அழைப்புப் பட்டியலில் அவர் பெயர் முதலிலிருந்தே இருந்தால் அனுப்புங்கள். இப்போது புதிதாகச் சேர்க்க வேண்டாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் குழுவில் இருக்கும் மற்றப் பத்துப் பேரும் வரவேற்பு அன்று மண்டபத்தில் இருப்பார்கள், மேடையில் உங்களைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் ஒன்றும் தெரியாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, 'வாழ்த்துகள் அண்ணா' என்று அந்த மேடை ஏறி வரக் கூடாது. அதனால் தோழி மூலம் தகவல் முதலில் போய்ச்சேரட்டும், பத்திரிகை அதன் பிறகு போகட்டும். வருவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரையும் விட்டுக் கேட்காதீர்கள்.